கடைசி நாலு கிழமை

இல்ல மகள், எழும்பாதீங்க. இருங்க. படத்துக்கு முன்னால மெழுகுதிரியையும் மாலையையும் கண்ட உடன ஆஸ்பத்திரிப் பேப்பரைத் திரும்ப பேக்குக்குள்ள வைக்கிறீங்க, நான் பாத்துக்கொண்டு தான் நிக்கிறன். அதை வெளிய எடுங்க. ஓம், அவர் தான். நோபேட் தான். முப்பத்தோராம் நாள் பூசை போன வெள்ளிக்கிழமை தான் குடுத்தது. உங்களுக்கு ஆர் சொல்றது, அந்த நேரம் எனக்குத் தலையும் தெரியேல்ல காலும் தெரியேல்ல. மூண்டு மாசத்தில திரும்ப வருவம் எண்டு சொல்லிட்டுப் போனீங்க, சொன்ன மாதிரியே வந்திருக்கிறீங்க. இந்த வெயிலுக்க, நோன்போட. தேத்தண்ணியை ஊத்திப்போட்டுத் தான் நோன்பெண்டு ஞாபகம் வந்தது. பரவாயில்ல, அதை நான் குடிக்கிறன்.

எப்பிடியெண்டோ? நித்திரையில தான். அதைப் பிறகு சொல்றன்.

அழ வேண்டாம் றஸ்மியா. நீங்க அழுதா நானும் அழுதிடுவன், பிறகு வேலை நடக்காது. எனக்கு உங்களிட்ட ஒரு வேலை கிடக்கு. போன முறை நிரப்பின ஃபோம் அந்த ஃபைலுக்குள்ள இருக்குத் தானே? ஆ, அது தான். பென்சிலால தானே எழுதினது, நல்லதாப் போச்சு. அதில கிடக்கிற ஏழெல்லாத்தையும் அழிச்சுப்போட்டு நான் சொல்ற நம்பரைப் போடுங்க. ஏழெண்டா ஒரு கரைச்சலும் இல்ல, ஒண்டெண்டா தாங்கவே ஏலாத கரைச்சல், நீங்க தானே விரலை மடிச்சு விளங்கப்படுத்தினது. நாங்க முப்பத்தஞ்சு கேள்விக்கும் ஏழு சொன்னம். முப்பத்தஞ்சும் பொய் மகள்.

கணக்கில எடுக்க மாட்டினமோ? செத்த ஆக்கள்ட ஃபோமைத் தனியா எடுத்து வைக்கிறதோ. சரி, வைக்கட்டும். தனியா வைக்கிற பேப்பரில எண்டாலும் உண்மை கிடக்கட்டும். கொழும்பில இவரைப் போல சீன ஆக்கள் எத்தின பேர், அதில நித்திரையில மூச்சு நிக்கிற ஆக்கள் எத்தின பேர், நீங்க தேடித் தேடிப் பிடிச்சதே பதினேழு பேர் எண்டு சொன்னீங்க. பதினேழு பேரில ஒரு மனிசன் எல்லாத்துக்கும் ஏழு சொன்னா, நாளைக்கு எங்கயோ ஒரு டொக்டர் அதை வாசிச்சுப்போட்டு, சீன ஆக்களுக்கு இந்த வருத்தம் பெரிய கரைச்சல் குடுக்கிறேல்ல எண்டு சொல்லுவார். அது ஒரு பக்கம். மற்றது, அவர் பட்ட பாடு எங்கயும் எழுதிக் கிடக்கேல்ல. கொரோனர்ட மரண விசாரணைப் பேப்பரில மாரடைப்பு எண்டு ஒரு வரி, அவ்வளவு தான். அவர் எப்பிடி வாழ்ந்தார் எண்டு எழுதிக் கிடக்கிற ஒரே பேப்பர் உங்கட கையில இருக்கிறது. அதில அவர் நல்ல சுகமா வாழ்ந்தார் எண்டு கிடக்கு.

ஏன் பொய் சொன்னனாங்க எண்டு முதல்ல சொல்றன். அண்டைக்கு நீங்க தனிய வரேல்ல, கூட ஒரு டொக்டர் வந்தார். நல்ல பொடியன், நான் குறை சொல்லேல்ல. ஆனா தலையை ஒட்ட வெட்டி, ஷேர்ட்டைக் காற்சட்டைக்குள்ள விட்டு, கையில ஃபைலோட வாசல்ல நிண்டு, லியூ மஹத்தயா இன்னவாத, இவர் இருக்கிறாரோ எண்டு சிங்களத்தில கேட்டார். பொலிஸ் எண்டு தான் நினைச்சனான். ஆஸ்பத்திரியில இருந்து வாறம் எண்டு பின்னால நிண்டு நீங்க சொன்னது காதில விழுந்தது, மனசில விழேல்ல. உள்ளுக்க வந்து இருந்து முதல் பக்கத்தைத் திருப்பினீங்க. நித்திரையைப் பற்றியே முதல் கேள்வி? இல்ல. வீட்டில இரவு தங்கிற ஆக்கள் எத்தின பேர், பேர் என்ன, வயசு என்ன, சொந்த ஊர் எது. தமிழ் ஆக்கள் வீட்டுக்கு வீடு நிரப்பிக் குடுக்கிற பொலிஸ் பதிவு ஃபோமிலயும் அது தானே மகள். அதே கோடு, அதே கட்டம்.

இந்தக் கொழும்பில எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் வந்திட்டுது. ஃபோமோட ஆர் வந்தாலும் வாய் தன்ட பாட்டில சொல்லும். ரெண்டு பேர் சேர். ஒரு கரைச்சலும் இல்ல சேர். எல்லாரும் நல்ல சுகம், நேரத்தோட படுத்து நேரத்தோட எழும்புவம். டெங்கு நுளம்பு பாக்க வந்தாலும் அந்தப் பதில் தான், தண்ணி மீட்டர் பாக்க வந்தாலும் அந்தப் பதில் தான். நீங்க கேட்டது குறட்டையைப் பற்றி. நான் பதில் சொன்னது பொலிசுக்கு.

உங்களையும் பஸ்ஸால இறக்கினவையோ? ஃபோன்ல தமிழ் கதைச்சதுக்கோ. பாத்தீங்களா, பிறகென்ன, நான் விளங்கப்படுத்தத் தேவையில்ல.

அண்டைக்கு இந்த வீட்டில மூண்டு பேர் மகள். இப்ப சொல்லலாம், இப்ப அவள் பாரிஸில இருந்து குளிர் குளிர் எண்டு அழுறாள். எங்கட அக்கான்ட மகள், செலீன். பத்தொன்பது வயசு. மன்னாருக்கு அங்கால, அடம்பன் பக்கம். தமையனை இயக்கம் கொண்டு போயிட்டுது, அடுத்தது நீ எண்டு சொல்லிட்டுப் போனவங்களாம். அக்கா இருந்த நகையைக் குடுத்து ஆரையோ பிடிச்சு இவளை இஞ்ச அனுப்பிவிட்டா, ஏப்ரல் மாசம். பொலிசில பதிஞ்சா எங்கயிருந்து வந்தனி, தமையன் எங்க எண்டு கேள்வி வரும். பதியாம வச்சிருந்து பிடிபட்டா அவளையும் கொண்டு போவாங்க, எங்களையும் கொண்டு போவாங்க. போன வருஷம் லொட்ஜில இருந்த எங்கட சனத்தை விடியப்புறம் பஸ்ஸில ஏத்தி ஊருக்குத் திருப்பி அனுப்பினதை நீங்களும் பாத்தனீங்க தானே. நோபேட் ஒரு நிமிஷமும் யோசிக்கேல்ல. பிள்ளை இருக்கட்டும், ஏஜென்சிக்காரன் வழி பண்ணும் வரைக்கும் இருக்கட்டும் எண்டார். நீங்க இந்தக் கதிரையில இருந்து ஒண்டா ஏழா எண்டு கேக்கேக்க அவள் அந்த அறைக்குள்ள, பல்லுச் செட் செய்யிற பிளாஸ்டர் மா மூட்டைக்குப் பின்னால, வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவள். ஓம், அந்தத் திரை போட்டிருக்கிற கதவு தான்.

சரி, வாசிங்க. எல்லாம் கடைசி நாலு கிழமைக்குள்ள எண்டு தானே துவங்குது? அவர்ட கடைசி நாலு கிழமையைச் சொல்றன். எழுதுங்க.

பகல்ல நித்திரை தூங்கி விழுறது. ஒண்டு போடுங்க. ஒண்டுக்குக் கீழ நம்பர் இருந்தா அதைப் போடுங்க.

கொட்டாஞ்சேனையில சீனப் பல்லுக்காரர் எண்டா சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்ட அப்பா சீனாவில இருந்து வந்து இந்த வீட்டில தான் பல்லுக் கட்டத் துவங்கினவர். இவர் பிறந்தது வளந்தது எல்லாம் இஞ்ச, வாயைத் திறந்தா எங்கட தமிழ் தான். ஞாபகமா, நீங்க முதல்ல சீன எழுத்தில ஒரு ஃபோமை எடுத்துக் குடுத்தீங்க, அங்க சீனாக்காரருக்கெண்டு செய்ததை. அவர் அதைத் தலைகீழாத் திருப்பிப் பாத்துப்போட்டு, இதில பல்லு எண்ட எழுத்து மட்டும் எனக்குத் தெரியும், வாசல்ல தொங்கின அப்பாட பேர்ப் போட்டில இருந்தது, ஆனா இந்தப் பேப்பரில ஒரு பல்லும் இல்லையே எண்டார். உங்கட டொக்டர் கூடச் சிரிச்சிட்டார். எலும்பும் தோலுமா இருக்கிற மனிசனுக்கு ஏன் இந்தக் குறட்டை வருத்தம் எண்டு நான் கேக்க, சீன ஆக்களுக்குத் தாடை சின்னன், தொண்டை ஒடுக்கம், மெலிஞ்ச ஆளுக்கும் வரும் எண்டு படம் கீறிக் காட்டினார். அந்தப் படம் இன்னும் கிடக்கு.

ஓம், ஓம், நித்திரைக்கு வாறன். கிராண்ட்பாஸில இருந்து ராமையா எண்டு ஒருத்தர் வருவார், பழைய ஆள். வாயை நல்லாத் திறங்க எண்டு சொல்லிக் கண்ணாடியை உள்ளுக்க விட்டவர், நிண்ட நிலையில நித்திரை. ராமையாவும் வாயைத் திறந்தபடி. நான் குசினியால வந்து பாக்கிறன், ரெண்டு பேரும் கோயில் சுரூபம் மாதிரி நிக்கினம். பத்து நிமிஷமாம் மகள். தட்டி எழுப்பின பிறகு ராமையா சொல்றார், சீன வைத்தியம் எண்டா பொறுமை வேணும் தானே தங்கச்சி, அது தான் நான் பேசாம இருந்தனான் எண்டு. நானும் செலீனும் அண்டு முழுக்கச் சிரிச்சம். அவர் சிரிக்கேல்ல. கையில கண்ணாடிக்குப் பதிலா கத்தி இருந்திருந்தா என்ன ஐறீன் நடந்திருக்கும் எண்டு கேட்டார். அடுத்த நாள்ல இருந்து ஆக்கள்ட வாய்க்குள்ள கை வைக்கிறதை விட்டிட்டார். அப்பா விட்டிட்டுப் போன தொழில். பொய்ப்பல்லு செட் மட்டும் செய்தார், அதுவும் அடுப்பில விரலைச் சுட்டுச் சுட்டு.

ஆ, அடுத்தது வேலை. அது தான் சொல்லிட்டனே. ஒண்டு.

பயணம் போறது. அதுக்கும் ஒண்டு. ஜூலையில ரெண்டு பேரும் வெள்ளவத்தைக்குப் போனம், செய்த செட்டைக் குடுத்துப்போட்டு உடைஞ்ச செட்டுகளைத் திருத்த எடுத்துக்கொண்டு வர. திரும்பி வரேக்க செக்பொயின்டில பஸ்ஸை மறிச்சு எல்லாரையும் இறங்கச் சொன்னாங்க. மற்ற நேரம் எங்க போறதெண்டாலும் அவர்ட முகம் தான் எனக்குப் பாஸ். பக்கத்தில சீன மனிசன் நிண்டா ஆமிக்காரன் என்ட அடையாள அட்டையை அவ்வளவு கிளற மாட்டான். ஆனா அண்டைக்குச் சனம் தள்ளின தள்ளில நான் இறங்கிட்டன், திரும்பிப் பாத்தா இவர் வரேல்ல. வெறும் பஸ்ஸுக்குள்ள ஒரு மனிசன், மடியில ஒரு பெட்டி, கண்ணை மூடிக்கொண்டு அசையாம இருக்கிறார். ஆமிக்காரன் எட்டிப் பாத்துப்போட்டுக் கத்தினான் பாருங்க, சனம் தெறிச்சு ஓடிச்சு. ரெண்டு பேர் துவக்கை நெஞ்சுக்கு நேர நீட்டிக்கொண்டு ஏறுறாங்க. நான் கீழ நிண்டு அவர் நித்திரை, அவருக்கு வருத்தம் எண்டு கத்துறன். எனக்கு அந்த நேரம் சிங்களமும் வரேல்ல, தமிழில கத்துறன், அது இன்னும் பிழை. சத்தத்துக்கு அவர் கண்ணை முழிச்சு, துவக்கைப் பாத்து, மெதுவா மூடியைத் திறந்தார். உள்ளுக்க ரெண்டு செட் பல்லு.

அவங்கள் சிரிச்ச சிரிப்பு. சீன மாமா, பல்லெல்லாம் பத்திரமா கொண்டு போங்க எண்டு கையைப் பிடிச்சு இருத்திவிட்டாங்க. நான் வீட்டுக்கு வந்து தான் அழுதனான். நித்திரை வந்தா எனக்குத் துவக்கும் தெரியாது, நீயும் தெரியாது ஐறீன் எண்டார். அப்பிடி ஒரு மனிசனுக்கு நான் ஏழு போடச் சொன்னன்.

எழுதிட்டீங்களா? அடுத்தது.

ம். உங்கட குறட்டையால மற்ற ஆக்களுக்கு எவ்வளவு கரைச்சல். இதுக்கு என்ன நம்பர் போடுறது எண்டு எனக்கே தெரியேல்ல. கதையைக் கேளுங்க, பிறகு நீங்களே போடுங்க.

எங்கட வீட்டுக்கும் பக்கத்து ஒஸ்வால்ட் வீட்டுக்கும் நடுவில ஒரு சுவர் தான், அதுவும் கூரை வரைக்கும் போகேல்ல. மேல பாருங்க, இடைவெளி தெரியுதா. ஒஸ்வால்ட் தங்கமான மனிசன், ஆனா அவர்ட வாய்க்குப் பூட்டில்ல. அங்க கரண்டி விழுந்தா இஞ்ச கேக்கும். பகல்ல பயமில்ல, பல்லுக்கெண்டு ஆக்கள் வந்து போற வீடு, ஒரு பிள்ளை இருந்தா ஆரும் ஏனெண்டு கேக்க மாட்டினம். இரவு தான் பயம். செலீன் இரவில கத்துவாள் மகள். சும்மா முனகிறேல்ல. ஷெல் விழுற மாதிரி, தமையனை இழுத்துக்கொண்டு போற மாதிரி, ஒவ்வொரு இரவும். அண்ணா அண்ணா எண்டு கத்தி, பிறகு மூச்சு அடைக்க அழுவாள். வந்த ரெண்டாம் நாளே ஒஸ்வால்ட் காலம கேட்டார், ராத்திரி ஒரு பிள்ளை அழுத மாதிரி கேட்டுதே எண்டு. பூனை எண்டு சொன்னம். எத்தின நாளைக்குப் பூனை எண்டு சொல்றது?

அண்டு பின்னேரம் நோபேட் தன்ட கேம்ப் கட்டிலை ஒஸ்வால்ட் வீட்டுச் சுவரோட இழுத்துப் போட்டார். என்னத்துக்கு எண்டு கேட்டன், சும்மா காத்து வருது எண்டார். காத்து ஒண்டும் இல்ல. மல்லாக்கப் படுக்க வேண்டாம், ஒரு பக்கம் சரிஞ்சு படுங்க, மல்லாக்கப் படுத்தாத் தொண்டை அடைக்கும் எண்டு ஆஸ்பத்திரியில படிச்சுப் படிச்சுச் சொல்லித் தானே அனுப்பினது? இவர் வேணுமெண்டே மல்லாக்கப் படுத்தார். தலாணியையும் எடுத்துப்போட்டு. அப்ப தான் சத்தம் பெரிசா வரும். அவள்ட அழுகைக்கு மேலால இவர்ட குறட்டை. அஞ்சாறு நாளில ஒஸ்வால்ட் வந்து, நோபேட், நீ ராத்திரியில லொறியே ஓட்டுற எண்டு சண்டை பிடிச்சார். பூனைக் கதை அதோட நிண்டுது.

இப்ப சொல்லுங்க, அந்தக் குறட்டை கரைச்சலா? ஓம், விட்டுவிடுங்க, வெறுமையா விட்டுவிடுங்க.

அண்டைக்கு நீங்க போகேக்க வாசல்ல நிண்டு சொன்னது ஞாபகமா? நித்திரையில மூச்சு நிக்காமக் காத்து ஊதுற மெஷின் ஆறு தான் வந்திருக்கு, ஆருக்குக் கூடக் கஷ்டமோ அவைக்குத் தான் முதல், அங்கிள்ட டெஸ்ட்டில ஒரு மணித்தியாலத்துக்கு அம்பத்து நாலு தரம் மூச்சு நிண்டிருக்கு, ஆனா ஃபோமில எல்லாம் ஏழு, மாத்தோணுமெண்டா இப்பவும் மாத்தலாம் அன்ரி எண்டு. உங்கட முகம் எனக்கு இன்னும் கண்ணுக்க நிக்குது. நீங்க கெஞ்சின மாதிரித் தான் கேட்டீங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவரைப் பாத்தன். அவர் சிரிச்சுக்கொண்டு, நான் நல்லா இருக்கிறன் மகள், கஷ்டப்படுற ஆளுக்குக் குடுங்க எண்டிட்டார். நீங்க போன பிறகு நான் சண்டை பிடிச்சனான். மெஷின் வந்தாக் குறட்டை நிக்கும் ஐறீன், குறட்டை நிண்டாப் பிள்ளை அழுறது கேக்கும், போதாததுக்கு மெஷினைப் பாக்க எண்டு கிழமைக்குக் கிழமை ஆக்கள் வருவினம், பிள்ளை ஏறிப் போகட்டும், அடுத்த நாளே போய் நானே கேக்கிறன் எண்டார். நானும் சரியெண்டிட்டன். அவர் சொன்னார் எண்டு சொல்லி நான் தப்பேலாது. நானும் தான் சரியெண்டனான்.

உங்களில பிழை இல்ல மகள். நீங்க கேட்டீங்க. ஒருக்கா இல்ல, ரெண்டு தரம் கேட்டீங்க.

அடுத்ததை ஏன் தாண்டுறீங்க? ஆ, புருஷன் பெண்சாதி விஷயமோ. போன முறையும் நீங்க அதை வாசிக்காம வெக்கப்பட்டுக்கொண்டு ஏழு போட்டனீங்க, நான் பாத்தனான். வாசிக்க வேண்டாம், நானே சொல்றன். அவர் கூடத்தில, நான் அறைக்குள்ள செலீனோட. கத்தத் துவங்கின உடன அவளை அணைச்சுப் பிடிக்க ஒரு ஆள் வேணும். ஆனா அவர்ட மூச்சு நிண்டா ஆர் எழுப்புறது? கட்டின நாள்ல இருந்து அது என்ட வேலை. மூச்சு நிக்கும், நான் அருள்நிறைந்த மரியே சொல்லத் துவங்குவன். பாதிச் செபத்துக்குள்ள திரும்ப மூச்சு வந்தாச் சரி. முழுச் செபமும் முடிஞ்சு வரேல்லையெண்டா முழங்கையால ஒரு இடி. வேற ஆக்கள் செபமாலையை மணியில எண்ணுவினம், நான் அவர்ட மூச்சில எண்ணினனான். தனிய அவரைக் கூடத்தில விட்டிட்டு எப்பிடிப் படுக்கிறது? பழைய பாவாடை நாடா நாலைஞ்சை முடிஞ்சு ஒரு கயிறு செய்தன். ஒரு நுனி என்ட கையில, மற்ற நுனியை அவர்ட கால் பெருவிரல்ல கட்டப் போனன். சிரிக்கிறார் மனிசன். பெருவிரலைக் கட்டுறது பிரேதத்துக்கு, நான் இன்னும் சாகேல்ல, கையில கட்டு எண்டார். கையில கட்டினன். மூச்சு நிண்டா இங்கயிருந்து ஒரு இழுவை. சில நாளில அங்கயிருந்தும் ஒரு இழுவை வரும். முழிப்பு வந்தா, நான் இருக்கிறன் எண்டு சொல்றதுக்கு.

அந்தக் கேள்விக்கு நாலு போடுங்க மகள். கட்டில் வேற, அறை வேற. ஆனா நாடா இருந்தது.

இனி கடகடவெண்டு வாசிங்க, உங்களுக்கும் நோன்பு துறக்க முதல் வீட்டை போகோணும். காலமத் தலையிடி, ஒண்டு. ஞாபக மறதி, ரெண்டு. போடுங்க, அக்கான்ட பேரை மறந்தார், என்ட பேரை மறக்கேல்ல. எரிஞ்சு விழுறது, இல்ல, அதுக்கு மட்டும் ஏழு. அந்த ஒரு ஏழு உண்மை. கூட்டாளிமாரோட இருக்கிறது, ஒண்டு. பூசையில குறட்டை விட்டு ஒரு நாள் சுவாமியார் பிரசங்கத்தை நிப்பாட்டினவர், அதுக்குப் பிறகு வெக்கத்தில கோயிலுக்கு உள்ளுக்க போறேல்ல, வெளிய மரத்துக்குக் கீழ நிண்டு தான் பூசை கண்டவர். கடைசியா உள்ளுக்க கொண்டு போனது பெட்டியில தான்.

தண்ணி வேண்டாம், எனக்கொண்டும் இல்ல. வாசிங்க.

கடைசிப் பக்கமோ. இது பக்கத்தில படுக்கிற ஆளுக்கு எண்டு போட்டிருக்கோ? அப்ப இது எனக்கு. போன முறை இதுக்கும் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பன். கடைசி நாலு கிழமைக்குள்ள நித்திரை குழம்பாம விடியும் வரைக்கும் நீங்க படுத்த இரவு எத்தின.

ம்.

செலீன் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோனியார்ட நாள், நான் விடியக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் நேர்ந்துபோட்டு வந்தனான். பகல் ஏர்போட்டுக்குக் கொண்டு போனவங்கள். பின்னேரம் ஏழு மணிக்கு ஃபோன் வந்தது, சித்தி, டோகாவில இறங்கிட்டன், இனிப் பயமில்லையாம், சித்தப்பாட்டச் சொல்லுங்க எண்டு. சித்தப்பா ஃபோனை வாங்கி ஒண்டும் கதைக்காம அழுறார். பிறகு ரெண்டு பேரும் பாணும் பருப்பும் சாப்பிட்டம். சாப்பிட்டு முடிய அவர் கேம்ப் கட்டிலை மடக்கி மூலையில வச்சிட்டு, நாடாவையும் சுருட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டார். விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த முஸ்லிம் பிள்ளையைக் கண்டு, நாங்க சொன்னதெல்லாம் பொய் மகள், மெஷினைத் தாங்க எண்டு கேப்பம் எண்டார். உங்களைத் தான் சொன்னவர். நாலு மாசமா நீ கண் மூடேல்ல ஐறீன், இண்டைக்கு ஒரு நாள் படு, நான் பக்கத்தில தானே இருக்கிறன், சரிஞ்சு படுக்கிறன், சத்தியம் எண்டார். நான் செபம் சொல்லத் துவங்கினன். பாதிக்கு மேல சொன்ன ஞாபகம் இல்ல.

கோயில் மணிக்குத் தான் கண் முழிச்சது, காலம அஞ்சரைக்கு. வீடு அவ்வளவு அமைதி. பிள்ளை அழுற சத்தமும் இல்ல, குறட்டையும் இல்ல. அவர் சொன்ன மாதிரியே சரிஞ்சு, சுவர்ப் பக்கம் திரும்பி, முதுகு என்ட கையில முட்டிக்கொண்டு தான் இருந்தது. நான் உடன எழும்பேல்ல மகள். எவ்வளவு நாளைக்குப் பிறகு இப்பிடி ஒரு நித்திரை எண்டு நினைச்சு, அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டு, இன்னும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக் கிடந்தனான்.

ஒண்டு எண்டு போடுங்க. ஒரே ஒரு இரவு. பென்சில் வேண்டாம், இதை மட்டும் பேனையால எழுதுங்க.